வெறும் பேணி அனுப்புற ஊர் இல்லை இது

ஏரம்பு: ...அப்ப ஐயா கேட்டால் என்ன சொல்லுறது? ஒண்டும் தெரியாதெண்டோ?

கமலாசனி: கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. கேளாததுக்கு வாயைத் திறக்காதையுங்கோ. அவ்வளவுதான்.

ஏரம்பு: ஜீப் வாய்க்கால் மதகிலை ஏறிட்டுது. குடியேற்றக் கந்தோர் அதிகாரி ஐயாதான். தனிய வாறார்.

கமலாசனி: தனியவோ? பின்னாலை பொலிசுக்காரர் ஒருத்தரும் இல்லையோ?

ஏரம்பு: ஏனப்பா இப்ப பொலிசை இழுக்கிறீர்?

கமலாசனி: கண்டுக்குட்டியைப் பட்டிக்குள்ளை கட்டினியளோ?

ஏரம்பு: கட்டினனான்.

கமலாசனி: மூஞ்சி கழுவினியளோ?

ஏரம்பு: ஆற்றை மூஞ்சி? என்ரையோ, கண்டுக்குட்டியின்ரையோ?

கமலாசனி: பகிடி விடுற நேரமே இது! வாற வெள்ளிக்கிழமைக்கிடையிலை மாடெல்லாத்தையும் தரவைப் புல்வெளியை விட்டு எடுக்க வேணுமாம். வட்டக்கச்சி மாடு முழுக்க அந்தப் புல்லிலைதான் உயிர் வாழுது. குடியிருப்புக்கெண்டு தரவையைத் துண்டு துண்டா வெட்டிப்போட்டால், பிறகு அதுகள் எங்கை போய் மேயிறது? என்ரை தலையிலையோ?

ஏரம்பு: எனக்கு மட்டும் கவலை இல்லையே? இரவிலை எங்கடை பசு சிவலை கூப்பிடுற சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்குதில்லை.

கமலாசனி: அதுதான் சொல்லுறன். ஐயாவுக்குக் கோவம் வந்தால் வெள்ளிக்கிழமை எண்டது நாளைக்கு எண்டு ஆகிப்போம். நீங்கள் தயவு செய்து சிரிக்காமல் நில்லுங்கோ. நீங்கள் சிரிச்சால் வயித்துக்குள்ளை கிடக்கிறதெல்லாம் முகத்திலை வந்திடும்.

ஏரம்பு: நான் எங்கை சிரிக்கிறன்? பயத்திலை பல்லுத் தெரியுது.

கமலாசனி: உஸ்ஸ்... வாங்கோ ஐயா, வாங்கோ! இஞ்சருங்கோ, ஐயாவுக்குக் கதிரையை எடுத்துப் போடுங்கோ.

கதிர்காமநாதன்: கதிரை வேண்டாம். நான் இருக்க வரேல்லை. விசாரணைக்கு வந்தனான்.

கமலாசனி: விசாரணையை இருந்துகொண்டு செய்யுங்கோவன் ஐயா. ஒரு மூக்குப்பேணி மோர்...

கதிர்காமநாதன்: மோரும் வேண்டாம். உங்கடை மோர், உங்கடை நெய், உங்கடை தயிர்... இதுகளாலைதானே இவ்வளவும் வந்தது! அக்கா, மாதர் சங்கத் தலைவி நீங்கள்தானே?

கமலாசனி: நீங்கள்தானே ஐயா பிடிச்சு வைச்சனீங்கள். வேண்டாம் வேண்டாம் எண்டு தலைப்பாடா அடிச்சனான்.

கதிர்காமநாதன்: வெளிநாட்டுத் தூதுவர் துரை வாறதுக்கு முதல் நான் இதே முத்தத்திலை நிண்டு என்ன சொன்னனான்? ஏரம்பண்ணை, நீங்கள் சொல்லுங்கோ.

ஏரம்பு: பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடிக்கச் சொன்னியள். அடிச்சம். பிள்ளையளின்ரை கையிலை இரண்டு நாட்டுக் கொடியும் குடுக்கச் சொன்னியள். குடுத்தம். அவையின்ரை கொடியை மட்டும் ஆரோ தலைகீழாப் பிடிச்சு...

கதிர்காமநாதன்: கொடியை விடுங்கோ! பேணியைப் பற்றி என்ன சொன்னனான்?

ஏரம்பு: அவையின்ரை நாட்டிலை இருந்து எங்கடை பள்ளிக்கூடத்துக்கு பால்மா வந்த தகரப் பேணி எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, முத்தத்திலை கோபுரம் மாதிரி அடுக்கச் சொன்னியள். பிள்ளையள் எல்லாத்தையும் குடிச்சு முடிச்சிட்டினம் எண்டு துரை காண வேணும், படம் பிடிக்க வேணும் எண்டு.

கதிர்காமநாதன்: எப்பிடி அடுக்கச் சொன்னனான்? வெறும் பேணியாயோ, நிரப்பியோ?

ஏரம்பு: ...வெறும் பேணியாய்.

கதிர்காமநாதன்: அதிலை ஒரு பேணியை ஞாபகமாத் துரையின்ரை கையிலை குடுக்கிறது. மிச்சம் கந்தோர் லொறியிலை திரும்பிப் போறது. இதுதானே ஏற்பாடு? இன்னொண்டும் சொன்னனான். தரவைக் கதையைத் துரைக்கு முன்னாலை எடுக்கப்படாது எண்டு. சத்தியம் வாங்கினனான் அக்கா!

கமலாசனி: எடுத்தமே?

கதிர்காமநாதன்: ...எடுக்கேல்லை.

கமலாசனி: ஆராவது ஒருத்தர் அழுதமே? மனுக் குடுத்தமே? காலிலை விழுந்தமே?

கதிர்காமநாதன்: அக்கா, நான் கேள்வி கேக்க வந்தனான்.

கமலாசனி: கேளுங்கோ, கேளுங்கோ.

கதிர்காமநாதன்: நான் அந்தப் பேணியைத் தூக்கித் துரையின்ரை கையிலை குடுக்கப் போறன். படக்காரன் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். தூக்கினால்... கல்லுப் பாரம்! என்ரை கையே கீழை போயிட்டுது. எனக்கு உயிர் போய் வந்தது. பால்மா உள்ளுக்கு அப்பிடியே கிடக்குது, பிள்ளையள் ஒரு சொட்டும் குடிக்கேல்லை, துரைக்கு முன்னாலை மானம் கப்பலேறிப் போச்சுது எண்டு நினைச்சன். பிள்ளையளுக்கெண்டு வந்த மாவை வேறை ஆரும் தொட்டால் ஆளை உள்ளுக்குத் தள்ளுவன் எண்டு கூட்டத்திலை கத்தினவனும் நான்தானே... என்ன ஏரம்பண்ணை இருமுறியள்?

ஏரம்பு: தூசு ஐயா. ஜீப் கிளப்பின தூசு.

கதிர்காமநாதன்: துரை மூடியைத் திறக்கிறார். நான் கண்ணை மூடிப்போட்டன். மூக்குக்கு ஒரு மணம் வருது பாருங்கோ... நெய்! அப்பதான் உருக்கி இறக்கின பசுநெய்! கோயில் மடைப்பள்ளியிலை நிக்கிற மாதிரி இருந்தது.

கமலாசனி: முருங்கையிலை போட்டு உருக்கினது. மணக்காமல் என்ன செய்யும்?

கதிர்காமநாதன்: அடுத்த பேணியைத் திறந்தால் எள்ளு. அடுத்தது உழுந்து. பயறு. பனங்கட்டி. ஒண்டிலை தேன்! தேன் ஆர் ஊத்தினது?

கமலாசனி: அது ஆதம்பாவாக் காக்கா. எங்கடை நெய் வாங்கி வவுனியாவுக்குக் கொண்டுபோய் விக்கிறவர். அலுவலைக் கேள்விப்பட்ட உடனை, "நீங்கள் எல்லாரும் குடுக்க நான் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதோ" எண்டு முல்லைத்தீவுக் காட்டுத் தேன் கொண்டந்து கழுத்து மட்டும் ஊத்திப்போட்டுப் போனவர்.

கதிர்காமநாதன்: அந்த ஒடியல்?

கமலாசனி: இஞ்சருங்கோ, ஐயா கேக்கிறார்.

ஏரம்பு: ...ஒரு பேணி மிஞ்சிப்போச்சு ஐயா. வீட்டிலை காயவைச்ச பனங்கிழங்கு ஒடியல்தான் கிடந்தது.

கதிர்காமநாதன்: துரை அதை எடுத்து விசுக்கோத்து எண்டு கடிச்சுப்போட்டுத் தாடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்!

ஏரம்பு: இடிச்சு மாவாக்கிக் கூழ் காய்ச்சிறது எண்டு சொல்ல முதல் மனுசன் வாயிலை வைச்சால் நான் என்ன செய்யிறது? ஆனால் ஒண்டு. துப்பேல்லை. மென்று விழுங்கினவர். அதிலையே எனக்கு ஆளைப் பிடிச்சுக்கொண்டுது.

கதிர்காமநாதன்: சரி அக்கா. இப்ப சொல்லுங்கோ. நான் வெறும் பேணி எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்ன பிறகும் ஏன் நிரப்பினனீங்கள்?

கமலாசனி: அண்டைக்கே துரைக்கு முன்னாலை சொன்னன்தானே.

கதிர்காமநாதன்: திருப்பிச் சொல்லுங்கோ. விசாரணை எண்டால் திருப்பிக் கேக்கிறதுதான்.

கமலாசனி: ஐயா, உங்கடை அம்மா எந்த ஊர்?

கதிர்காமநாதன்: அளவெட்டி. அதுக்கென்ன?

கமலாசனி: பக்கத்து வீட்டிலை மாடு கண்டு போட்டுக் கடும்புப்பால் தந்துவிட்டால், அந்த ஏனத்தை அவா எப்பிடித் திருப்பிக் குடுக்கிறவா?

கதிர்காமநாதன்: ...ஒரு பிடி அரிசியோ, ஒரு கட்டி வெல்லமோ போட்டுத்தான்.

கமலாசனி: ஏன்?

கதிர்காமநாதன்: வெறுமனாக் குடுத்தால், தந்தவையின்ரை மாடு வத்திப்போம் எண்டு.

கமலாசனி: பிறகென்ன கேள்வி! அந்த நாட்டின்ரை பேர் என்ரை வாயிலை நுழையாது. எங்கை கிடக்குதோ எனக்குத் தெரியாது. ஆனால் பால் தந்திருக்கினம். பால் வந்த பேணியை வெறும் பேணியா, அதுவும் ஊர் கூடி நிண்டு, மாலை போட்டு, அந்த மனுசனின்ரை கையிலையே குடுக்கச் சொல்லுறியள். என்ன பழி ஐயா! அவையின்ரை மாடு வத்திப் போனால் அந்தப் பாவம் ஆரைச் சேரும்? வட்டக்கச்சியைத்தானே?

கதிர்காமநாதன்: அது பக்கத்து வீட்டுக்கு அக்கா. இது வேறை நாடு.

கமலாசனி: வேறை நாடெண்டால் மாட்டுக்கு மடியில்லையோ?

ஏரம்பு: அங்கத்தை மாடு இங்கிலீசிலை கத்துமாக்கும்.

கதிர்காமநாதன்: அதை இங்கிலீசிலை மாத்திச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "இந்த அம்மா என்ன சொல்லுறா" எண்டு துரை கேட்டார். நான் மழுப்பிப் பாத்தன். நன்றி சொல்லுறா எண்டன். "இல்லை, அவா நன்றி சொல்லேல்லை, என்னவோ கவலைப்படுறா" எண்டு அந்த மனுசன் விடேல்லை. வேறை வழியில்லாமல் சொன்னன். "உங்கடை நாட்டு மாடுகள் வத்திப் போகப்படாது எண்டுதான் இவ்வளவும் வைச்சிருக்கினம்" எண்டு.

கமலாசனி: அப்ப தொப்பியைக் கழட்டினவர். நான் கண்டனான்.

கதிர்காமநாதன்: ஓம்.

கமலாசனி: தலையைக் குனிஞ்சுகொண்டு என்னவோ மெல்லமாச் சொன்னவர். நீங்கள் அதை எங்களுக்குத் தமிழிலை சொல்லேல்லை. என்ன சொன்னவர் ஐயா?

கதிர்காமநாதன்: அப்ப சொன்னால் நானும் அழுதிடுவன் எண்டு விட்டுப்போட்டன். "எத்தினையோ நாட்டுக்குப் பால்மா குடுத்தம். மாலை போட்டிருக்கினம், பாட்டுப் படிச்சிருக்கினம். எங்கடை மாடு சுகமா இருக்கோ எண்டு இண்டுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை" எண்டவர்.

கமலாசனி: ஐயோ பாவமே... அந்த மனுசன்ரை கண் கலங்கினது அதுக்கோ!

ஏரம்பு: தானும் மாட்டுக்காரனின்ரை மோன் எண்டவரல்லோ. மாட்டுக்காரனுக்கு மாட்டைப் பற்றிக் கேட்டால்தான் உள்ளம் குளிரும்.

கதிர்காமநாதன்: அதுக்குப் பிறகுதான் எனக்குப் பெரிய தலையிடி. "எனக்கு ஒரு பசு கறக்க வேணும்" எண்டிட்டார். தூதுவர்! சப்பாத்தோடையும் கோட்டோடையும் தரவைக்குள்ளை இறங்கி நடக்கிறார். பின்னாலை நான் ஓடுறன். அவர் போய் உங்கடை சிவலைக்குப் பக்கத்திலை குந்தினவர்.

ஏரம்பு: குந்தின விதத்திலையே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது மடி பிடிச்ச கை எண்டு. ஆனால் என்ன பலன்? ஒரு சொட்டு வரேல்லை. சிவலை திரும்பிப் பாத்து மூசிச்சுது.

கமலாசனி: அவையின்ரை மாடு கை வைச்சாலே தருமாம். எங்கடை மாடு கண்டுக்குட்டி மூச்சுப் படாமல் சுரக்குமோ? பிள்ளையைக் காட்டு, பிறகு பாலைக் கேள் எண்டு நிக்கும். சிவலையும் என்னை மாதிரித்தான்.

ஏரம்பு: உதைக்கிறதிலையும்.

கமலாசனி: என்ன?

ஏரம்பு: ஒண்டுமில்லை. நான் போய்க் கண்டுக்குட்டியை அவிட்டுக்கொண்டு வந்தனான் எண்டன்.

கதிர்காமநாதன்: ஆ! நில்லுங்கோ. அந்தக் கண்டுக்குட்டியை எதிலை கட்டியிருந்தனீங்கள்?

ஏரம்பு: ...ஒரு முளையிலை.

கதிர்காமநாதன்: எந்த முளை?

ஏரம்பு: கிட்ட நிண்ட முளை.

கதிர்காமநாதன்: நிலம் அளக்கிறவை வந்து அடிச்சிட்டுப் போன சிவப்பு முளையிலை ஏரம்பண்ணை! அரசாங்கத்து முளை!

ஏரம்பு: சிவப்போ? எனக்கு இப்ப கண் கொஞ்சம் மங்கல்...

கதிர்காமநாதன்: காட்டுக்குள்ளை நிக்கிற மாட்டிலை சுட்ட குறியைக் கரையிலை நிண்டு வாசிக்கிற கண்! மங்கலாம்!

கமலாசனி: ஐயா, தரவை முழுக்க உங்கடை முளைதான். கண்டுக்குட்டியைக் கட்ட வேறை கட்டை எங்கை இருக்கு?

கதிர்காமநாதன்: நீங்கள் அவிட்ட கயிறு கிடந்த வழியாலை துரை பாத்தார். முளையைக் கண்டார். பிறகு அடுத்த முளை, அடுத்த முளை எண்டு தரவை முழுக்கக் கண்ணாலை அளந்தார். "இது என்ன" எண்டு என்னைக் கேட்டார். பொய் சொல்லேலுமோ? "இந்தத் தரவையை வெட்டித் துண்டு பிரிக்கப் போறம், மாடெல்லாம் போக வேணும்" எண்டு என்ரை வாயாலையே சொல்ல வேண்டி வந்தது.

கமலாசனி: நாங்கள் சொல்லேல்லை!

கதிர்காமநாதன்: நீங்கள் சொல்லேல்லை. அதுதானே எனக்கு இன்னும் சுடுது. அவர் உங்களிட்டைத் திரும்பி, "இதைப் பற்றி நீங்கள் என்ன சொல்லுறியள்" எண்டு நேரை கேட்டவர். நான்தான் அதைத் தமிழிலை கேக்க வேண்டி இருந்தது. நீங்கள் வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னால் கொழும்பு மட்டும் நாறியிருக்கும். என்ன சொன்னனீங்கள்?

கமலாசனி: அது எங்கடை வீட்டு அலுவல், நாங்கள் எங்களுக்குள்ளை பேசித் தீர்ப்பம், துரை முதல் சாப்பிட வாங்கோ எண்டன்.

கதிர்காமநாதன்: ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்? அவர் ஒரு சொல்லுச் சொன்னால் காரியம் ஆகும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.

கமலாசனி: தெரியும். சொல்ல வேணும் போலையும் இருந்தது. ஆனால் ஐயா, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முன்னாலை புருசன் பெண்சாதி சண்டை பிடிப்பினமோ? உங்கடை கந்தோர் என்ன அநியாயம் செய்தாலும் அது எங்கடை கந்தோர். உங்களை நான் ஏசுவன். உங்களுக்கு மேலை இருக்கிற அரசாங்க ஏசண்டரையும் ஏசுவன். பிறத்தியானுக்கு முன்னாலை விட்டுக் குடுப்பனோ?

கதிர்காமநாதன்: ...அந்த மோரைத் தாங்கோ.

கமலாசனி: இஞ்சருங்கோ, மூக்குப்பேணி! இருங்கோ ஐயா, கதிரையிலை இருங்கோ.

கதிர்காமநாதன்: நேற்று யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரிக்கு என்னைக் கூப்பிட்டவை. ஏசண்டர் துரைக்கு முன்னாலை நிப்பாட்டினவை. இஞ்சை இருந்து போன தூதுவருக்கு ஏசண்டர் வீட்டிலைதானே இராச் சாப்பாடு. அங்கை அவர் உங்களைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறார்.

ஏரம்பு: எல்லாமோ?

கமலாசனி: நீங்கள் இருமாதையுங்கோ.

கதிர்காமநாதன்: ஏசண்டர் என்னைப் பாத்து, "உந்த வட்டக்கச்சித் தரவைக் கதை முடிஞ்சுது மிஸ்டர் கதிர்காமநாதன்" எண்டார்.

ஏரம்பு: முடிஞ்சுதோ...

கதிர்காமநாதன்: நாளைக்கு விடிய ஆள் வருது. பிடுங்க.

கமலாசனி: வெள்ளிக்கிழமை எண்டியள் ஐயா! நாளைக்கெண்டால் இவ்வளவு மாட்டையும் நான் எங்கை... கண்டு போட்டது நிக்குது, சினைப்பட்டது நிக்குது... ஐயா, ஒரு கிழமை...

கதிர்காமநாதன்: அக்கா! மாட்டைப் பிடிக்க இல்லை. முளையைப் பிடுங்க.

கமலாசனி: ...என்ன?

கதிர்காமநாதன்: முளை. சிவப்பு முளை. எல்லாத்தையும். தரவை தரவைதான். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் எண்டு எழுதி முத்திரை குத்தியாச்சு. புதுக் குடியிருப்புக்கு அங்காலை பத்தைக்காட்டைத் துப்பரவாக்கிக் குடுக்கிறதாம்.

ஏரம்பு: என்ரை இரணைமடுப் பிள்ளையாரே! எடியேய் கமலாசனி! கேட்டீரோ! கேட்டீரோ!

கமலாசனி: கேட்டனான், கேட்டனான்... கையை விடுங்கோ, ஐயா நிக்கிறார்... எனக்கு அழுகை வருது... ஐயா, விசாரணை எண்டு வந்து எங்கடை உயிரை எடுத்தியளே! இதைச் சொல்லத்தானே வந்தனீங்கள்?

கதிர்காமநாதன்: கல்லுப் பாரப் பேணியைத் தந்து என்ரை உயிரை எடுத்தனீங்கள்தானே? அதுக்கு இதுக்குச் சரி.

ஏரம்பு: இவர் ஐயா இல்லையப்பா. கள்ளன்!

கமலாசனி: அப்பிடி என்னதான் ஐயா சொன்னவர் அந்த மனுசன்?

கதிர்காமநாதன்: ஏசண்டர் அப்பிடியே ஒப்புவிச்சவர். "நான் குடுக்க வந்தனான், கடன்பட்டுப் போறன்" எண்டாராம். "இனி இந்த ஊருக்குப் பால்மா அனுப்பினால் என்ரை நாட்டுக்குத்தான் வெக்கம். இப்பிடி நெய் தாற புல்லை என்ரை கண்ணாலை கண்டன். திரும்பிப் போய் எங்கடை சனத்துக்கு அந்தப் புல்லைப் பற்றிச் சொல்லப் போறன்" எண்டாராம். தரவையை வெட்டாதையுங்கோ எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதுவும் உங்கடை வீட்டு அலுவல் எண்டு விட்டுப்போட்டார். ஆனால் அப்பிடிச் சொன்ன பிறகு ஏசண்டர் எப்பிடி வெட்டுறது? உலகம் முழுக்க மெச்சின புல்லை வெட்டிப்போட்டு, நாளைக்கு அவர் கேட்டால் என்ன காட்டுறது?

கமலாசனி: அடிசக்கை! ஒரு சொல்லும் சொல்லாமல் சொல்லிப்போட்டார் பாத்தியளோ.

கதிர்காமநாதன்: இதுக்குத்தான் கொழும்பிலை ராசதந்திரம் எண்டு பெரிய கட்டடம் கட்டி, மேசை போட்டு இருக்கினம். எங்களிட்டைப் போர்க்கப்பல் இல்லை, பீரங்கி இல்லை, சின்ன நாடு, கையேந்தித்தான் நிக்க வேணும் எண்டு படிச்ச ஆக்களே சொல்லுவினம். நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தன். அண்டைக்கு அந்தத் துரை, கையிலை பேணியோடை நிண்ட நிலை... ஆர் குடுத்தது, ஆர் வாங்கினது எண்டே தெரியேல்லை அக்கா. எனக்கு என்ரை நாட்டை நினைக்க நெஞ்சு நிமிந்துது.

கமலாசனி: பீரங்கி என்னத்துக்கு? உருக்கின நெய் இருக்கு.

ஏரம்பு: ஒடியலும் இருக்கு. பீரங்கிக்குண்டு மாதிரி.

கதிர்காமநாதன்: ஏசண்டர் கேட்டவர், "இந்தச் சனத்துக்கு இந்த நடப்பெல்லாம் ஆர் பழக்கினது" எண்டு.

கமலாசனி: என்ன சொன்னனீங்கள்?

கதிர்காமநாதன்: ...கொஞ்சம் தலையை ஆட்டினனான்.

ஏரம்பு: ஆட்டுவியள்தானே! வெறும் பேணி எண்டு குளறினது ஆர்?

கமலாசனி: ஆட்டட்டும் விடுங்கோ. எங்கடை ஐயாவுக்கு நல்ல பேர் வந்தால் எங்களுக்கு வந்த மாதிரித்தானே. கந்தோரும் எங்கடை, தலையும் எங்கடை.

கதிர்காமநாதன்: இன்னொண்டு. பால்மாவுக்குப் பதிலா, பசுக்களுக்கு விட நல்ல சாதி நாம்பன் ஒண்டு அனுப்பட்டோ எண்டு தூதுவர் கேட்டு விட்டிருக்கிறார்.

ஏரம்பு: நாம்பனோ! வரட்டும், வரட்டும்!

கமலாசனி: அவசரப்படாதையுங்கோ. நாம்பன் வந்தால் திருப்பி என்னத்தை அனுப்புறது? அதை முதல் யோசிக்க வேணும்.

கதிர்காமநாதன்: உங்களோடை எந்த நாடும் வெல்லேலாது அக்கா. சரி, நான் வாறன். பொழுது சாயுது... அட, மறந்துபோனன். இது ஒண்டு இருக்கு.

கமலாசனி: என்னது? மூக்குத் துடைக்கிற லேஞ்சியோ?

கதிர்காமநாதன்: துரையின்ரை லேஞ்சி. காரிலை ஏறேக்கை மடிச்சு என்ரை கையிலை வைச்சு, "அந்தக் கண்டுக்குட்டியின்ரை சொந்தக்காரியிட்டைக் குடுங்கோ, அவாவுக்கு விளங்கும்" எண்டவர். அவையின்ரை ஊர் வழக்கமாக்கும் எண்டு வாங்கி வைச்சனான். விரிச்சுப் பாத்தால் வெள்ளையா மா மாதிரி என்னவோ காய்ஞ்சு ஒட்டிக் கிடக்குது.

ஏரம்பு: ஐயோ, அந்த லேஞ்சி!

கமலாசனி: உஸ்ஸ்... சிரிக்காதையுங்கோ.

கதிர்காமநாதன்: எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவர் கறந்து முடிச்சு எழும்பேக்கை, நான் பிள்ளையளைக் காட்டி, "பாருங்கோ துரை, கொழுத்த கன்னங்கள், எல்லாம் உங்கடை பால்மாவின்ரை வேலை" எண்டு புளுகினனான். அதுக்கு அந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு! இந்த லேஞ்சியைச் சட்டைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு, ஏரம்பண்ணையைப் பாத்து ஒரு கண்ணையும் சிமிட்டினவர்... ஏரம்பண்ணை, என்ன, சிரிக்கிறியளோ? அக்கா, நீங்களுமோ? என்ன இது? சொல்லுங்கோ!

கமலாசனி: தரவைக்கு முத்திரை குத்தியாச்சு எண்டியள்தானே ஐயா, அப்ப சொல்லலாம்: அது அவையின்ரை பால்மாதான்... எங்கடை பிள்ளையள் அதிலை ஒரு மிடறும் குடிக்கேல்லை, மாட்டுப்பால் குடிச்ச வாய்க்கு அது பிடிக்கேல்லை, பால் எண்டு வந்ததைக் கொட்டினால் பாவம் எண்டு கரைச்சுக் கண்டுக்குட்டியளுக்கு வைச்சம், அதுகள் அதைக் குடிக்கத் தாய்மாட்டிலை மிஞ்சின பால்தான் ஊர்ப் பிள்ளையள் எல்லாருக்கும் போய், மிச்சம் நெய்யாகி அதே பேணிக்குள்ளை வந்தது. அண்டைக்குக் கண்டுக்குட்டி மூஞ்சியெல்லாம் மாவோடை அந்த மனுசனின்ரை முகத்துக்கு நேரை வந்து நிண்டுது, நாங்கள் செத்தம் எண்டு நிக்க, நீங்கள் காணக்கூடாது எண்டு அந்தத் தங்கமான மனுசன் தன்ரை லேஞ்சியாலை அதின்ரை வாயைத் துடைச்சு விட்டவர்... கோவிக்காமல் அதை இஞ்சை தாங்கோ ஐயா, தோய்ச்சுக் காயவைச்சுத் திருப்பி அனுப்ப வேணும். ஏனப்பா பாத்துக்கொண்டு நிக்கிறியள், ஓடிப்போய் நல்ல பனங்கட்டியாப் பாத்து எடுத்துக்கொண்டு வாங்கோ, வெறும் லேஞ்சியா அனுப்பேலுமே?